குடிபோன வீட்டில் குத்துச்செடி

பிழைப்பின் பொருட்டுப் பிறந்த ஊரை விட்டு வந்து வடநாட்டு நகரங்களில் வாழும் நம்மவர் இல்லங்களில் ஒரு பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. "இது நமக்கு நிலையான இடமா என்ன? இன்றோ நாளையோ மாற்றல் உத்தரவு வந்தால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். இதில் செடி கொடி வேறு எதற்கு?" என்பதே அது. அரசாங்கக் குடியிருப்பில் இருப்போரும் இதைச் சொல்கின்றனர். வாடகை வீட்டில் இருப்போரும் சொல்கின்றனர். சொந்தமாக வீடு வாங்கிவிட்டவர்களுங்கூடப் பழக்கத்தினால் இதையே சொல்லி வருகின்றனர். விளைவு யாதெனில், வாசலில் நான்கு முழ நிலம் இருந்தும் அது கட்டாந்தரையாகக் கிடக்கிறது. கோடையில் அதன் புழுதியும் மழையில் அதன் சேறும் வீட்டுக்குள் வந்து சேருகின்றன. மூன்று ஆண்டு என்று எண்ணி வந்தவர்கள் முப்பது ஆண்டு இருந்து, ஓய்வு பெற்று ஊர் திரும்பும் நாளிலும் அந்நிலம் வந்த அன்று இருந்தபடியே இருக்கிறது.

அவர்கள் கூறுவதில் நியாயம் அறவே இல்லையென்று நாம் சொல்ல மாட்டோம். மாங்கன்று ஒன்றை நட்டால் அது காய்க்கத் தொடங்குமுன் மாற்றல் வந்துவிடக்கூடும். குளிர்காலப் பூச்செடிகளோ மாசி, பங்குனியில் கண்ணைக் கவரப் பூத்துவிட்டுச் சித்திரை வெயிலில் கருகிப் போகின்றன. ஆண்டுதோறும் புதிதாக நட வேண்டும். புல்தரை பார்வைக்கு இனிது. எனினும் அதற்கு இறைக்கும் நீரும் அதை வெட்டும் கூலியும் நடுத்தரக் குடும்பத்தால் தாங்கக்கூடியவை அல்ல. இவற்றுக்கெல்லாம் நடுவில் ஓர் இனம் இருக்கிறது. அதுவே குத்துச்செடி.

அடிமரம் ஒன்றாக ஓங்காமல், தரையிலிருந்தே பல தண்டுகளாகக் கிளைத்து, ஆள் உயரமோ அதற்குச் சற்று மேலோ வளர்ந்து, பல்லாண்டு வாழும் செடிகளையே குத்துச்செடிகள் என்கிறோம். செம்பருத்தி, நந்தியாவட்டை, மருதாணி, அரளி, ஆடாதோடை, நொச்சி ஆகியவை இவ்வினத்தைச் சேர்ந்தவை. கறிவேப்பிலையும் பவழமல்லியும் விட்டால் சிறு மரமாகும். கத்தரித்து வந்தால் குத்துச்செடியாகவே நிற்கும். இவற்றுட் பல, ஒரு மழைக்காலத்தில் நட்டால் மறு மழைக்காலத்துக்குள் பயன் தரத் தொடங்கிவிடும். வெட்டினால் தழைக்கும். மாற்றல் வந்தால் ஒரு குச்சியை ஒடித்துக்கொண்டு போய்ப் புதிய ஊரில் நட்டுக்கொள்ளலாம்; தாய்ச்செடி அடுத்து வருவோருக்காக நின்ற இடத்திலேயே நிற்கும். இடம் மாறி வாழும் குடும்பத்துக்கு இதனினும் ஏற்றது வேறில்லை என்பது நம் துணிபு.

பெயர் மாறினும் செடி ஒன்றே

"நம் ஊர்ச் செடியெல்லாம் இங்கே எங்கே கிடைக்கப் போகிறது?" என்று கேட்பவர் உண்டு. பெரும்பாலான செடிகள் பக்கத்து வீதியிலேயே இருக்கின்றன. அவை வேறு பெயரில் வழங்குவதால் நமக்குத் தெரிவதில்லை, அவ்வளவே.

நாற்றுப் பண்ணைக்குச் சென்று செம்பருத்தி வேண்டும் என்றால் தில்லி மாலி விழிப்பார். குடஹல் என்றால் உடனே எடுத்துத் தருவார். வங்கத்தில் அதையே ஜபா என்பர். காளிக்கு உகந்த மலர் அது. நந்தியாவட்டைக்கு இந்தியில் சாந்தனி என்று பெயர். நிலவொளி என்னும் பொருளுடைய அப்பெயர் அவ்வெண்மலருக்கு எவ்வளவு பொருந்துகிறது! பவழமல்லியை வடக்கே ஹர்சிங்கார் என்றும் வங்காளிகள் ஷியுலி என்றும் அழைக்கின்றனர். மேற்கு வங்கத்தின் மாநில மலர் அதுவே. துர்க்கா பூசை நாள்களில் வங்காளிகளின் வாசலில் உதிரும் அதே மலர், அதே நவராத்திரியில் நம் கொலுவின் முன் கோலத்தட்டில் இடம் பெறலாம். ஆடாதோடை இங்கே அடூசா, வங்கத்தில் பாசக். நொச்சி இந்தியில் நிர்குண்டி, வங்காளியில் நிசிந்தா. அரளியைக் கனேர் என்று கேட்க வேண்டும். குண்டுமல்லியை மோக்ரா என்றோ பேலா என்றோ கேட்டால் கிடைக்கும்.

கறிவேப்பிலையின் செய்தி சிறப்பாகச் சொல்லத் தக்கது. அது தென்னாட்டுக்கே உரிய செடி என்பது நம்மில் பலருடைய எண்ணம். ஆனால் இமயத்தின் அடிவாரக் காடுகளிலும் அது தானே முளைத்துப் புதராக வளர்கிறது. வடக்கே அதை மீட்டா நீம் என்பர். இனிப்பு வேம்பு என்பது பொருள். நாமும் கறிவேம்பு என்கிறோம். அதன் இலையைக் கண்ட இரு திறத்தாருக்கும் வேம்பின் நினைவே வந்திருக்கிறது. எனவே, கறிவேப்பிலை வடநாட்டில் பிழைக்காது என்று முன்னதாகவே முடிவு கட்டிவிட வேண்டியதில்லை.

எனினும் ஊரில் வளர்ந்தவை யாவும் இங்கும் வளருமென்று நம்பிவிடலாகாது. நாம் இட்லிப்பூ என்றழைக்கும் வெட்சி, சற்றே புளிப்புத் தன்மையுள்ள மண்ணை விரும்புவது. தில்லிப் பக்கத்து மண் பெரும்பாலும் காரத்தன்மை உடையது. அதில் வெட்சி இரும்புச் சத்தை ஈர்க்க இயலாமல், இலை நரம்புகள் மட்டும் பச்சையாக நிற்க மற்றவை மஞ்சளித்துப் போகும். அங்குள்ளோர் அதை இலைமக்கு நிறைந்த தொட்டியில் வைத்துக் காப்பாற்றலாம். தரையில் வைத்து அதனுடன் போராடுவதில் பயனில்லை. கொல்கத்தாவிலுள்ளோர்க்கு வேறு தொல்லை. அங்கே களிமண்ணில் மழைநீர் தேங்கி வேர் அழுகும். மண்ணை மேடாக்கி அதன்மேல் நடுதல் நலம். மும்பையில் கடற்காற்றின் உப்பையும் நான்கு மாதப் பெருமழையையும் தாங்கக்கூடிய செடிகளை நாட வேண்டும். கடற்கரையோரச் செடியாகிய சங்கங்குப்பி அங்கே வேலிக்கு மிக ஏற்றது.

பச்சைச் சுவர்

குத்துச்செடியின் முதற் பயன் வேலி. செங்கற்சுவர் இருக்கச் செடிவேலி எதற்கு என்று கேட்கலாம். தில்லியில் மே, ஜூன் மாதங்களில் வீசும் 'லூ' என்னும் அனற்காற்றை அனுபவித்தவர்கள் இக்கேள்வியைக் கேட்க மாட்டார்கள். வெப்பம் 45 டிகிரி செல்சியசை எட்டும் நாள்களில் சுவரே அடுப்பாகிவிடுகிறது. பகலெல்லாம் உண்ட வெயிலை அது இரவெல்லாம் உமிழ்கிறது. செடிவேலியோ இலைகளின் வழியே நீரை ஆவியாக விடுவதால் சூழலைத் தணிக்கிறது.

காற்றைத் தடுப்பதிலும் இவ்விரண்டுக்கும் வேறுபாடு உண்டு. சுவரில் மோதிய காற்று மேலேறித் தாவி அப்பால் சுழலிட்டு இறங்குகிறது. புழுதியும் உடன் இறங்குகிறது. செடிவேலி காற்றுக்குச் சிறிது வழிவிட்டு அதன் வேகத்தைக் குறைக்கிறது. தன் உயரத்தைப்போல் ஏறத்தாழ 10 மடங்கு தொலைவு வரையில் இந்தத் தணிப்பு ஓரளவு தெரியும். ஐந்தடி உயர வேலி, ஐம்பதடி அகலமுள்ள மனை முழுவதற்கும் ஏதேனும் ஒரு நன்மை செய்கிறது என்பது இதனால் விளங்கும். காற்றில் வரும் தூசியில் ஒரு பகுதி இலைகளிற் படிந்து நின்றுவிடுகிறது. வாரம் ஒரு முறை இலைகளை நீர் தெளித்துக் கழுவினால் செடியும் மூச்சு விடும்.

மேற்கு நோக்கிய சுவர் உள்ள வீட்டினர் அச்சுவரை ஒட்டி உயரமான செடிகளை வரிசையாக வைத்தால் பிற்பகல் வெயில் சுவரைத் தாக்காது. ஆனால் சுவருக்கும் செடிக்கும் இடையே மூன்றடியேனும் விட வேண்டும். இல்லையேல் ஈரம் சுவரில் ஏறும். வெள்ளையடிப்பவரும் நுழைய முடியாது.

வேலிக்கு மருதாணி மிகச் சிறந்தது. நீர் குறைவானாலும் தாங்கும். வெட்ட வெட்ட அடர்த்தியாகும். பெண்மக்கள் கைக்கும் பயன்படும். ஒவ்வோர் அடிக்கு ஒரு கன்றாக இரண்டு வரிசையில் மாற்றி மாற்றி நட்டால் இரண்டாம் ஆண்டில் ஆடு நுழையாத வேலியாகிவிடும். ஆடாதோடையை ஆடு தொடாது என்பது அதன் பெயரிலேயே இருப்பதாக நம் நாட்டார் சொல்வர். நொச்சி வேலிக்கோ பழம்பெருமை உண்டு. மதிலைக் காத்து நின்ற மறவர் சூடிய மலர் நொச்சி என்று புறப்பொருள் இலக்கணம் கூறும். இன்றும் தமிழகத்துக் கிராமங்களில் தோட்டத்தைக் காத்து நிற்கும் வேலியாக அதைக் காணலாம்.

வேலியில் பறவைகளுக்கும் பங்குண்டு. செம்பருத்தியில் தேன்சிட்டு தேனுண்ண வரும். அடர்ந்த செடிக்குள் கொண்டைக்குருவி கூடு கட்டும். தையல்சிட்டு அகன்ற இலைகளை நாரால் தைத்து அதற்குள் முட்டையிடும். நகரத்தில் பிறந்து வளரும் நம் குழந்தைகளுக்கு இவற்றைக் காட்ட வேறெங்கும் போக வேண்டியதில்லை.

அடுக்களைக்கும் ஆரோக்கியத்துக்கும்

கறிவேப்பிலைச் செடி ஒன்று வீட்டில் இருந்தால் அம்மாமார்களுக்கு உண்டாகும் நிம்மதியை நாம் விவரிக்க வேண்டியதில்லை. தில்லி போன்ற இடங்களில் முதல் இரண்டு குளிர்காலங்களே அதற்குக் கண்டம். சனவரியில் இரவு வெப்பம் 5 டிகிரிக்குக் கீழே இறங்கும் நாள்களில் இளங்கன்றைச் சாக்கினால் மூடி வைத்தல் வேண்டும். குளிரில் இலை உதிர்ந்தால் செடி பட்டுவிட்டதென்று பிடுங்கி எறிந்துவிடாதீர்கள். மார்ச்சு மாதத்தில் மீண்டும் துளிர்க்கும். இலையை உருவாமல் கொத்தாக ஒடித்தெடுத்தால் அவ்விடத்தில் புதுக்கிளை வரும். முற்றிய செடியின் வேரிலிருந்தே பக்கக் கன்றுகள் தோன்றும். அவற்றை வேருடன் பெயர்த்து அயலாருக்குக் கொடுக்கலாம். இலையில் பறவை எச்சம்போல் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தால் அது பெரும்பாலும் வண்ணத்துப்பூச்சியின் புழுவாக இருக்கும். எலுமிச்சையிலும் கறிவேப்பிலையிலும் அது வளரும். செடி பெரிதாயின் நாலு இலையை அதற்கு விட்டுக் கொடுப்பதில் தவறில்லை.

ஆடாதோடை இருமலுக்கு நம் முன்னோர் கண்ட மருந்து. அதன் இலையிலுள்ள வாசிசின் என்னும் பொருளை அடிப்படையாகக் கொண்டே, இக்காலத்தில் சளியைக் கரைப்பதற்கு மருத்துவர்கள் தரும் புரோம்ஹெக்சின் என்னும் மருந்து உருவாக்கப்பட்டது. ஆயினும் செடி வீட்டில் இருப்பதனாலேயே நாம் மருத்துவராகிவிட முடியாது. கருவுற்ற தாய்மார்கள் ஆடாதோடையை உட்கொள்ளுதல் ஆகாது. நொச்சித் தழையைக் கொதிநீரில் இட்டு ஆவி பிடிப்பதும், மாலையில் புகையிட்டுக் கொசுவை விரட்டுவதும் நம் ஊர் வழக்கம். இவற்றைப் பாட்டிமார் சொல்லக் கேட்டவர்கள் இன்னும் நம் இல்லங்களில் இருக்கின்றனர். அவர்கள் இருக்கும்போதே குழந்தைகளுக்குச் செடியைக் காட்டிப் பெயரைச் சொல்லிக் கொடுத்துவிட வேண்டும். கண்ணெதிரே செடி இல்லாவிடில் அப்பெயர் குழந்தையின் மனத்தில் நிற்பது அரிது.

சில எச்சரிக்கைகள்

அழகையும் உறுதியையும் மட்டும் கண்டு செடியைத் தேர்தல் ஆபத்து. அரளிக்கு நீர் வேண்டா, பராமரிப்பு வேண்டா, கால்நடை கடிக்காது. நகரச் சாலைகளின் நடுவே அதை நடுவதும் இதனாலேயே. ஆனால் அதன் இலை, பூ, தண்டு, வேர் யாவும் இதயத்தைத் தாக்கும் நஞ்சுடையவை. மஞ்சள் அரளியின் விதை இன்னும் கொடியது. கேரளத்தில் 2024 மே மாதத்தில் திருவிதாங்கூர் தேவசம் வாரியம், நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப்பூவைச் சேர்க்க வேண்டாமென்று முடிவு செய்ததை அன்பர்கள் நினைவு கூர்வார்கள். தவழும் குழந்தையும் வாயில் எதையும் வைக்கும் சிறுவரும் உள்ள வீட்டில் அரளி கூடாது என்பதே நம் திடமான கருத்து. முன்பிருந்தவர் வைத்துவிட்டுப் போயிருந்தால், கிள்ளிய கையைச் சோப்பிட்டுக் கழுவ வேண்டும். வெட்டிய கிளையை எரித்துப் புகையைச் சுவாசிக்கலாகாது. அடுப்புக்குச் சுள்ளியாகவும் பயன்படுத்தலாகாது.

மற்றொன்று உன்னிச்செடி. அமெரிக்க வெப்ப நாடுகளைச் சேர்ந்த இது, அழகுச் செடியாக 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொல்கத்தாத் தாவரவியற் பூங்காவுக்குக் கொண்டுவரப்பட்டது. பல நிறப் பூக்களைக் கண்டு மயங்கிப் பலரும் வேலியில் வைத்தனர். பறவைகள் பழத்தைத் தின்று விதையை எங்கும் பரப்பின. இன்று முதுமலை, பந்திப்பூர் உட்பட நம் நாட்டுக் காடுகளின் பெரும்பரப்பை அது கவ்விக்கொண்டு, மானும் யானையும் மேயும் புல்லை முளைக்கவொட்டாமல் செய்கிறது. அதன் தழையை மேய்ந்த மாடுகள் நோயுறுகின்றன. ஒரு வீட்டு வேலி நாடு முழுவதையும் எவ்வாறு துன்புறுத்தக்கூடும் என்பதற்கு இதுவே சான்று. இதைப் புதிதாக யாரும் நடாதிருத்தல் நன்று.

நடும் முறை

ஆடிப்பட்டம் தேடி விதைக்கச் சொன்ன நம் முதுமொழி, வடநாட்டுக்கும் வியக்கத்தக்க வகையில் பொருந்துகிறது. தில்லியில் சூன் இறுதியில் தொடங்கும் பருவமழை செப்டம்பர் வரை நீடிப்பதால் ஆடி மாதமே குத்துச்செடி நடுவதற்குச் சிறந்த காலம். அப்போது விட்டவர்கள் குளிர் நீங்கியபின் பிப்பிரவரி, மார்ச்சில் நடலாம். சித்திரையில் நட்டால் செடி பிழைப்பது அரிது.

ஒன்றரை அடி நீளம், அகலம், ஆழமுள்ள குழி தோண்டிச் சில நாள் வெயிலில் காயவிட வேண்டும். தோண்டிய மண்ணுடன் மக்கிய எருவைக் கலந்து நிரப்பி, கன்றின் வேர்க்கட்டி உடையாமல் நட்டு, உடனே நீர் விட வேண்டும். செம்பருத்தி, நந்தியாவட்டை, மருதாணி ஆகியவற்றை மழைக்காலத்தில் பென்சில் பருமனுள்ள ஒரு சாண் குச்சியிலிருந்தே உண்டாக்கலாம். குச்சியில் பாதி மண்ணுக்குள் இருக்க வேண்டும். நிழலில் வைத்து ஈரம் காக்க வேண்டும். இதற்கு ஒரு காசும் செலவில்லை.

வேரடியில் உதிர்ந்த இலைகளை இரண்டு விரற்கடை கனத்துக்குப் பரப்பினால் ஈரம் நிற்கும், பின்னர் எருவும் ஆகும். இலைகளைக் குவித்து எரிக்கும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். தில்லியில் திறந்த வெளியில் இலையும் குப்பையும் எரிப்பதைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015இல் தடை செய்தது. அரிசியும் காய்கறியும் கழுவிய நீரை வீணாக்காமல் செடிக்கு ஊற்றலாம்.

செம்பருத்தி புதுத்தளிரில் பூப்பது. ஆகவே குளிர் நீங்கியவுடன் கத்தரித்துவிட்டால் கோடை முழுவதும் பூக்கும். மல்லிகையைச் சனவரி இறுதியில் கத்தரிக்க வேண்டும். செம்பருத்தியில் பஞ்சுபோல் வெண்மையாக மாவுப்பூச்சி படிந்தால், முதலில் நீரைப் பீய்ச்சி உதிர்க்க வேண்டும். அதற்கும் அடங்காவிடில் 1 லிட்டர் நீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சில சொட்டுச் சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளித்தால் போதும்.

மாடியில் வாழ்வோர்க்கு

நிலமே இல்லாத அடுக்குமாடி வீட்டினர் மனம் தளர வேண்டியதில்லை. ஓரடிக்குக் குறையாத வாயகலமுள்ள தொட்டியில் குண்டுமல்லி, நந்தியாவட்டை, செம்பருத்தி, கறிவேப்பிலை ஆகியவை நன்கு வளரும். மேற்கு வெயில் கடுமையாக விழும் மாடத்தில் காகிதப்பூ வைக்கலாம். நீர் குறைந்தால்தான் அது நிறையப் பூக்கும். வெயில் சிறிதே வரும் மாடத்தில் நந்தியாவட்டை நிற்கும். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை வேரைச் சற்றுக் கத்தரித்து மண்ணை மாற்ற வேண்டும். தொட்டியின் அடித்தட்டில் நீர் தேங்கவிடலாகாது. டெங்குக் கொசுவுக்கு அத்துணை நீரே போதும். வாரம் ஒரு முறையேனும் தட்டைக் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவி வைத்தல் நலம்.

சங்கத்து அன்பர்களுக்கு ஒரு யோசனை கூறி முடிக்கிறோம். ஆடி மாதக் கூட்டத்துக்கு வரும் ஒவ்வொரு குடும்பமும் தன் வீட்டுச் செடியிலிருந்து ஈரத்துணி சுற்றிய குச்சிகளைக் கொண்டுவரட்டும். இல்லாதவர்கள் எடுத்துச் செல்லட்டும். புதிதாக இவ்வூருக்கு வந்த குடும்பத்துக்கு, கடைத்தெருவையும் பள்ளிக்கூடத்தையும் காட்டிக் கொடுப்பதோடு ஒரு செடியையும் கொடுப்போம். வாடகை வீட்டினர் தரையில் நடுமுன் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுதல் முறை.

மாற்றலாகிச் செல்பவர்கள், வாசற் செடிகளின் பெயர்களைத் தமிழிலும் அவ்வூர் மொழியிலும் ஒரு தாளில் எழுதி, எதற்கு எத்தனை நாளுக்கு ஒரு முறை நீர் விட வேண்டும் என்பதையும் குறித்து, சாவியுடன் சேர்த்துக் கொடுத்துவிட்டுப் போகலாம். அடுத்து வருபவர் தமிழராக இருந்தாலும் பஞ்சாபியராக இருந்தாலும் அச்செடிகளுக்கு நீர் கிடைக்கும். சென்ற ஊரில் நமக்காகவும் யாரேனும் அவ்வாறே எழுதி வைத்திருக்கக்கூடும்.